தற்காலிக மெயில் ஐடி: உச்சிப்புளி கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், விண்ணப்பம், ரயில் டிக்கெட் எல்லாம் உண்டு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். இந்தப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரையிலிருந்தும் வருவார்கள். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. விசைப்படகுக்குப் போகிற பையன்கள் அந்த இரண்டு மாதத்தில்தான் வேலைக்கு விண்ணப்பம் போடுவார்கள், பாஸ்போர்ட்டுக்குப் பதிவார்கள். எதைத் திறந்தாலும் முதலில் கேட்பது மெயில் ஐடி. அதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தற்காலிக மெயில் ஐடி என்றால் என்ன அண்ணே?

பதநீர் சீசனில் தோப்புக்குப் போனால் ஓலையை மடித்துப் பட்டை பிடித்து அதில் ஊற்றித் தருவார்கள். குடித்ததும் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். தற்காலிக மெயில் அந்தப் பட்டைதான். ஒரு தடவை வாங்கிக் குடிக்க ஆகும். வீட்டில் பத்திரமாக எடுத்து வைக்க ஆகாது.

டென் மினிட் மெயில் என்ற தளத்தைத் திறந்தால் உங்கள் பெயரும் கேட்காது, பாஸ்வேர்டும் கேட்காது. எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு முகவரியை அதுவே உண்டாக்கிக் காட்டும். பக்கத்தில் ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும். அந்த முகவரியை எங்கே கொடுத்தீர்களோ அங்கிருந்து வரும் கடிதம் அதே பக்கத்தில் வந்து விழும். நேரம் போதவில்லை என்றால் இன்னொரு பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். கடிகாரம் நின்றால் முகவரியும் போச்சு, கடிதமும் போச்சு. கெரில்லா மெயில், மெயிலினேட்டர் என்று இதே வகையில் வேறு தளங்களும் இருக்கின்றன. மெயிலினேட்டர் 2003இல் தொடங்கியது, ஜிமெயிலுக்கே ஒரு வருடம் மூத்தது.

ஸ்பேம் (கேட்காமலே வந்து குவியும் விளம்பரக் கடிதம்) வந்தால் அழித்துவிட்டால் ஆச்சு. இதற்கு ஏன் இத்தனை பாடு?

அழிக்கலாம். நாளுக்கு நாலு வந்தால் அழிக்கலாம். நாற்பது வரும்போது அதற்கு நடுவில் வந்த உங்கள் கடிதத்தையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

எனக்கே நடந்திருக்கிறது. ஜெராக்ஸ் மிஷினுக்கு டோனர் விலை பார்க்க ஒரு தளத்தில் கடையின் மெயில் ஐடியைக் கொடுத்தேன். விலை காட்டுவதற்கு முன்னால் மெயில் ஐடி கேட்டது, கொடுத்துவிட்டேன். அன்று சாயங்காலமே டோனருக்குச் சம்பந்தமில்லாத கடன் கம்பெனி, மனை விற்பனை, எடை குறைப்பு என்று வரத் தொடங்கியது. இரண்டு வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தன் பாட்டாவின் இறப்புச் சான்றிதழை அந்த ஐடிக்கு அனுப்பிவிட்டுப் பிரிண்ட் வாங்க வந்து நிற்கிறார். எனக்குக் கண்ணில் படவே இல்லை. ஸ்பேம் பெட்டிக்குள்ளே, இரண்டு கடன் விளம்பரங்களுக்கு நடுவில் கிடந்தது. ஜிமெயிலின் ஸ்பேம் பெட்டியில் உள்ளவை 30 நாளில் தானாக அழிந்துவிடும். அவர் தாமதமாக வந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

நாம் ஓரிடத்தில் கொடுத்த முகவரி பட்டியலாகிக் கைமாறும். தளத்தை யாராவது உடைத்துத் திருடினாலும் பட்டியல் வெளியே போகும். திருடுபோனதில் பாஸ்வேர்டும் இருந்து, அதே பாஸ்வேர்டை நீங்கள் மெயிலுக்கும் வைத்திருந்தால் விளம்பரத் தொல்லையோடு நிற்காது, மெயிலே கைமாறிவிடும். உங்கள் முகவரி எந்தத் திருட்டிலாவது சிக்கியிருக்கிறதா என்று பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) என்ற தளம் 2013 முதல் இருக்கிறது. முகவரியை மட்டும் அடித்துப் பார்க்கலாம், பாஸ்வேர்டு கேட்காது. கடைக்கு வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்கிறேன். 'இருக்கிறது' என்று வருவதைக் கண்டு முகம் மாறாதவர் குறைவு.

தற்காலிக ஐடியை எங்கெல்லாம் கொடுக்கலாம்?

நாளைக்கு அங்கே உங்களுக்கு வேலை இல்லை என்றால் கொடுக்கலாம். ராமேஸ்வரத்தில் தங்குகிற லாட்ஜில் வைஃபை திறக்க மெயில் கேட்டால், ஒரே ஒரு பிடிஎஃப் இறக்க மெயில் கேட்டால், கூப்பன் தருகிறேன் என்றால், ஒரு ஆப் எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டுமென்றால், தாராளமாக.

எங்கே கொடுக்கவே கூடாது?

பாஸ்வேர்டு மறந்தால் எந்தப் பெட்டிக்குக் கடிதம் வர வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெட்டி உங்களிடம் இருக்க வேண்டிய இடம் எதிலும் தற்காலிக ஐடி கூடாது.

போன தடைக்காலத்துக்கு முந்தினதில் பாம்பன் பையன் ஒருவன் வந்தான். போனை ஜிப் வைத்த பாலிதீன் கவரில் போட்டிருந்தான், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள். கவருக்கு மேலேயே விரலால் தள்ளிக் காட்டினான். ஒரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், ஹால் டிக்கெட் இறக்க வேண்டும், பாஸ்வேர்டு மறந்துவிட்டது. "மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தினால் 'உங்கள் மெயிலுக்கு இணைப்பு அனுப்பப்பட்டது' என்று வருகிறது. எந்த மெயில் என்று பார்த்தால் அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டம். ஸ்பேம் வராமல் இருக்க எங்கேயோ பார்த்து டெம்ப் மெயில் போட்டிருக்கிறான். அந்த முகவரி எப்போதோ செத்துவிட்டது. அந்தத் தளத்தில் போன் நம்பர் வழியாக மீட்க வழியும் இல்லை. உதவி மையத்துக்கு இரண்டு நாள் விடாமல் அடித்துப் பார்த்தோம். தேர்வு தேதி போய்விட்டது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கவரோடு சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு "பரவாயில்லண்ணே" என்று போனான். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு, கடலோரக் காவல்படை விண்ணப்பம், நீட் விண்ணப்பம், பாஸ்போர்ட், ஐஆர்சிடிசி, டிஜிலாக்கர், வங்கி, இன்சூரன்ஸ், கல்லூரி சேர்க்கை, இவை எல்லாவற்றுக்கும் உங்கள் சொந்த, நிரந்தர மெயில் ஐடிதான். பணம் கட்டிப் பொருள் வாங்கும் இடத்துக்கும் அதேதான். பில்லும் ரீஃபண்டும் அங்கேதான் வரும்.

எனக்குக் கடையில்தான் மெயில் ஐடி போட்டுக் கொடுத்தார்கள். அது சொந்த ஐடியா, தற்காலிகமா?

நம் பக்கத்தில் இதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது.

பல பேர் விண்ணப்பம் போட வந்த அவசரத்தில் கடைக்காரரே ஒரு மெயில் ஐடி உண்டாக்குவார். பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்கக் கொடுக்கும் மீட்பு நம்பராகக் கடை நம்பர் இருக்கும். சில இடங்களில் அதுகூட இல்லை, கடையின் ஒரே ஐடியையே நூறு பேருக்குப் போட்டுவிடுவார்கள். நானும் தொடக்கத்தில் அப்படிச் செய்திருக்கிறேன். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஐடி திறக்க நேரமில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அது தவறு. அப்படிப் போட்ட ஐடி பத்து நிமிட மெயிலைவிட மோசம். பத்து நிமிட மெயில் போய்விடும் என்றாவது தெரியும். இது தன்னிடம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருடம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. விண்ணப்பம் போட்ட நாளோடு மறந்துபோன ஐடி, ரிசல்ட் வரும்போது இல்லாமலே போயிருக்கலாம்.

ஆகவே தற்காலிக ஐடி பற்றிக் கேட்க வருகிறவரிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது: உங்கள் மெயிலின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? மீட்பு நம்பர் யாருடையது? உங்கள் போனில் அதைத் திறந்து காட்ட முடியுமா? மூன்றுக்கும் சரியான பதில் இருந்தால்தான் அடுத்த பேச்சு.

தற்காலிகப் பெட்டியில் வருவதை வேறு யாராவது படிக்க முடியுமா?

முடியும். மெயிலினேட்டரின் பொதுப் பெட்டிகளுக்குப் பூட்டே கிடையாது. @ குறிக்கு முன்னால் எந்தப் பெயரைப் போட்டாலும் அந்தப் பெயரில் ஒரு பெட்டி திறக்கும், அதே பெயரை உலகத்தில் யார் அடித்தாலும் அதே பெட்டிதான் திறக்கும்.

நம்பாத ஒரு அக்காவை என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருநாள் காட்டினேன். சும்மா ஒரு சாதாரணப் பெயரை அடித்தேன். வரிசையாக யார் யாருக்கோ வந்த கடிதங்கள்: கணக்கை உறுதி செய்யுங்கள், இதோ உங்கள் ஆறு இலக்க எண், பாஸ்வேர்டு மாற்ற இங்கே அழுத்துங்கள். "இதை அழுத்தினால்?" என்றார். அழுத்தினால் யாருடைய கணக்கோ நம் கைக்கு வந்துவிடும் அக்கா என்றேன். உடனே அதை மூடச் சொன்னார். மூடிவிட்டேன்.

சொந்தப் பெயர், ஆதார் நகல், சான்றிதழ், படம் எதுவும் அந்தப் பெட்டி வழியாகப் போகக்கூடாது. வாசலில் கிடக்கும் அஞ்சலட்டை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஜிமெயிலை வைத்துக்கொண்டு ஸ்பேமைத் தடுக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, காசும் ஆகாது. உங்கள் முகவரியில் @ குறிக்கு முன்னால் ஒரு + குறி போட்டு ஏதாவது ஒரு சொல்லைச் சேருங்கள். கடிதம் உங்கள் அதே பெட்டிக்குத்தான் வரும். அவுட்லுக் மெயிலிலும் இது செல்லும்.

தங்கச்சிமடத்தில் மல்லி நாத்து போட்டு வெளியூருக்கு அனுப்புகிற ஒருவருக்கு இதைச் செய்து கொடுத்தேன். உர விலை பார்க்கும் தளத்துக்கு + உரம், பார்சல் கம்பெனிக்கு + பார்சல், கருத்தரங்கப் பதிவுக்கு + கூட்டம். எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துச் சம்பந்தமில்லாத ஒரு லோன் கடிதம் வந்தது. யாருக்கு அனுப்பப்பட்டது என்ற இடத்தைப் பார்த்தால் உரம் என்று இருக்கிறது. எந்த வழியாகக் கசிந்தது என்று தெரிந்துவிட்டது. அந்த முகவரிக்கு வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி ஜிமெயிலில் ஃபில்டர் போட்டுவிட்டோம். வலையில் எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கட்டினால் போதுமே.

குறைகளும் உண்டு. சில தளங்கள் + குறியை ஏற்காது. அனுப்புகிறவன் விவரமானவனாக இருந்தால் + தொடங்கி @ வரை வெட்டிவிட்டு உங்கள் அசல் முகவரியை எடுத்துக்கொள்வான். ஆக இது கண்டுபிடிக்க உதவும், முகவரியை மறைக்க உதவாது. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே முகவரிதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்; புள்ளி வைத்துப் புது ஐடி ஆக்கிவிட்டதாக நிறையப் பேர் நினைக்கிறார்கள்.

முகவரியை மறைக்கவும் வேண்டும், கடிதம் தொடர்ந்து வரவும் வேண்டும். அதற்கு?

அதற்கு மறைமுகவரி. ஆங்கிலத்தில் ஏலியாஸ் என்பார்கள். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு முகவரி கிடைக்கும். அதற்கு வரும் கடிதம் உங்கள் அசல் பெட்டிக்குத் தள்ளிவிடப்படும். தொல்லை தொடங்கினால் அந்த ஒன்றை மட்டும் அணைத்துவிடலாம், மற்றவை ஓடும். பட்டைக்கும் வீட்டுப் பானைக்கும் நடுவில் உள்ள பாத்திரம் என்று சொல்லலாம்.

ஃபயர்பாக்ஸ் உலாவியின் மொசில்லா நிறுவனம் தரும் ரிலேயில் ஐந்து முகவரி இலவசம். டக்டக்கோ என்ற தேடுபொறி நிறுவனத்தின் மெயில் பாதுகாப்பு இலவசம். கடிதத்தை நீங்கள் திறந்தீர்களா என்று வேவு பார்க்கிற குறிகளையும் நீக்கி அனுப்பும். சிம்பிள்லாகின் என்று ஒன்று இருக்கிறது, 2022இல் புரோட்டான் நிறுவனம் அதை வாங்கியது. ஐபோன் வைத்திருப்பவர்கள் 'ஆப்பிளோடு உள்நுழை' என்ற பொத்தானை அழுத்தும்போது மெயிலை மறைக்கவா என்று கேட்கும். மறை என்று சொல்லுங்கள். அது இலவசம். நாமாக நினைத்த இடத்துக்கெல்லாம் மறைமுகவரி உண்டாக்க அவர்களிடம் ஐகிளவுட் பிளஸ் கட்டணம் கட்ட வேண்டும்.

வாரம் ஒரு கடிதம் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற இடங்கள், ஆன்லைன் வகுப்பு, விளையாட்டு ஆப் இவற்றுக்கு மறைமுகவரி தோதானது. அரசு, வங்கி விஷயங்களுக்கு இதுவும் வேண்டாம். நடுவில் நிற்கிற கம்பெனி கடையை மூடினால் கடிதமும் நின்றுவிடும்.

காக்கா (அண்ணே), மகனுக்கு வளைகுடாவில் வேலை தேடுகிறேன். எல்லா ஏஜென்சிக்கும் எந்த மெயிலைக் கொடுப்பது?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்காத மாதமில்லை. வேலைத் தளங்களில் பயோடேட்டாவைப் போட்டால் அது நூறு கைக்குப் போகும். மெயில் ஐடி, போன் நம்பர், சில பேர் பாஸ்போர்ட் நகல்கூடப் போட்டுவிடுகிறார்கள். பிறகு 'விசா ரெடி, மெடிக்கல் ஃபீஸ் அனுப்புங்கள்' என்று கடிதம் வரும்.

வேலை தேடுவதற்கென்றே தனியாக ஒரு ஜிமெயில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட மெயில் வேண்டாம், உண்மையான அழைப்பு மூன்று மாதம் கழித்துக்கூட வரும். வங்கி, பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்த மெயிலை அங்கே கொடுக்காதீர்கள். அப்போது 'உங்கள் வங்கியிலிருந்து' என்று அந்த வேலை ஐடிக்கு ஒரு கடிதம் வந்தால் திறந்து பார்க்காமலே பொய் என்று தெரிந்துவிடும், வங்கிக்கு அந்த முகவரியே தெரியாதே. ஏஜென்சி பதிவு பெற்றதா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட் நகலே கொடுக்க வேண்டும்.

தற்காலிக ஐடி கொடுத்தால் 'இந்த முகவரி செல்லாது' என்கிறதே?

தற்காலிக மெயில் தளங்கள் தரும் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்களை எல்லாம் பட்டியல் போட்டுச் சில தளங்கள் தடுத்து வைத்திருக்கின்றன. வேறு பெயருக்கு மாறி மாறி முட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் தளம் உங்களோடு தொடர்ந்து பேச நினைக்கிறது. வேண்டுமென்றால் மறைமுகவரி கொடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இது சட்டப்படி தப்பில்லையே?

தற்காலிக முகவரி வைத்துக்கொள்வது குற்றமில்லை. அதை வைத்து வேறு ஆள் போல் நடித்து ஏமாற்றினால் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

விளம்பரக் கடிதத்தின் அடியில் 'அன்சப்ஸ்கிரைப்' இருக்கிறது. அழுத்தலாமா?

நீங்கள் எப்போதோ பதிந்த, தெரிந்த கடையிலிருந்து வந்தால் அழுத்துங்கள். மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே அழுத்தலில் விலக வழி வைக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாகூவும் 2024இல் விதி கொண்டுவந்தன. கடிதத்தின் தலைப்பிலேயே ஜிமெயில் அந்தப் பொத்தானைக் காட்டும், அதை அழுத்துவது நல்லது. அனுப்பியவர் யாரென்றே தெரியவில்லை என்றால் உள்ளே எதையும் தொடாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுங்கள். அழுத்தினால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொன்னது போலாகும்.

மெயிலை மறைத்தால் போதுமா? போன் நம்பரைத்தானே எல்லா இடத்திலும் கேட்கிறார்கள்?

உண்மைதான். மளிகைக் கடை பில் கவுண்டரில்கூட நம்பர் கேட்கிறார்கள். தற்காலிக மெயில் உங்கள் நம்பரையும் மறைக்காது, நீங்கள் எந்த இணைப்பிலிருந்து வந்தீர்கள் என்பதையும் மறைக்காது. கட்டாயம் இல்லாத இடத்தில் நம்பர் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பழகுங்கள். பில் போட நம்பர் தேவையில்லை. விளம்பர அழைப்பைத் தடுக்க 1909 எண்ணில் பதியலாம். பணம் போய்விட்டது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930க்கு அடியுங்கள்.

ஏற்கெனவே தற்காலிக ஐடியிலோ கடை ஐடியிலோ பதிந்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

அந்தத் தளத்துக்குள் இன்னும் உள்ளே போக முடிகிறதா? முடிந்தால் இன்றே போய் சுயவிவரத்தில் மெயிலை மாற்றுங்கள். பாஸ்வேர்டு நினைவில் இருக்கும் வரைதான் இந்த வழி திறந்திருக்கும். மாற்றியதும் ஒருமுறை வெளியே வந்து, புது மெயிலுக்கு உறுதிக் கடிதம் வருகிறதா என்று பாருங்கள். உள்ளே போக முடியவில்லை என்றால் போன் ஓடிபி வழி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லை என்றால் விண்ணப்ப எண், பிறந்த தேதி, அடையாள அட்டையோடு அந்த அலுவலக உதவி மையத்துக்கு எழுத வேண்டும். ஹால் டிக்கெட் வருகிற வாரம் வரை காத்திருக்காதீர்கள்.

கடை ஐடி என்றால் அந்தக் கடைக்குப் போய்ப் பாஸ்வேர்டைக் கேளுங்கள், மீட்பு நம்பரை உங்களுடையதாக மாற்றுங்கள். என் கடையில் போட்டவர்கள் போனோடு வாருங்கள், இதற்குக் காசு வாங்குவதில்லை. புதுப் பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள், நான் திரும்பிக்கொள்கிறேன்.